இரவில் நடந்து போகிறவரின் முகம் தெரிய வேண்டுமா? ஐபி கேமராவின் பட அமைப்புகள், படிப்படியாக

எங்கள் வாசலில் இருக்கும் ஐபி கேமராவைப் பற்றி (நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்பும் கண்காணிப்புக் கேமரா) எனக்கு ரொம்பப் பெருமை இருந்தது. நள்ளிரவிலும் பட்டப்பகல் மாதிரி வெளிச்சமாகக் காட்டும். ஒருநாள் காலையில் வண்டியின் பக்கக் கண்ணாடி உடைந்து கிடந்தது. சரி, பதிவைப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சுவர் தெரிகிறது, கேட்டின் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், தொட்டிச் செடியின் இலைகூடத் தெரிகிறது. வந்தவர் மட்டும் நடமாடும் புகை மாதிரி இருக்கிறார். எந்த இடத்தில் நிறுத்தினாலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல். கேமராவில் பழுதே இல்லை. இரவில் படம் வெளிச்சமாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டு நான்தான் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சத்தை வாங்கும் நேரத்தை, 1/12 நொடியில் வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து நேரலைப் படத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்வதில்லை. யாரையாவது கேமரா முன்னால் நடக்கவிட்டு, அந்தப் பதிவை ஓடவிட்டு நடுவில் நிறுத்திப் பார்ப்பேன். முகம் தெரிந்தால் அமைப்பு சரி, தெரியாவிட்டால் தப்பு. கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் இந்தச் சோதனையோடு சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

தொடங்கும் முன்

கைபேசி செயலியில் பிரைட்னஸ் மாதிரி நாலைந்து விஷயங்கள்தான் இருக்கும், முக்கியமானவை பெரும்பாலும் அதில் வராது. கணினியில் பிரவுசரைத் திறந்து கேமராவின் ஐபி முகவரியை அடித்து நேரடியாக உள்ளே போங்கள். முகவரி தெரியாவிட்டால் கேமரா நிறுவனமே தரும் தேடும் மென்பொருள் இருக்கும்; ஹிக்விஷனுக்கு எஸ்ஏடிபி, டாஹுவாவுக்கு கான்ஃபிக்டூல். தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஹிக்விஷன் கேமராக்கள் 192.168.1.64 என்றும் டாஹுவா கேமராக்கள் 192.168.1.108 என்றும் இருப்பது வழக்கம். கேமரா நேராக என்விஆரின் (கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் பெட்டி) பின்பக்க பிஓஇ போர்ட்டில் (ஒரே கேபிளில் மின்சாரமும் தரும் போர்ட்) செருகியிருந்தால் அது தனி நெட்வொர்க்கில் உட்கார்ந்திருக்கலாம், அப்போது என்விஆர் வழியாகவே உள்ளே போக வேண்டியிருக்கும்.

ஹிக்விஷனில் கான்ஃபிகரேஷன், அதற்குள் இமேஜ், அதற்குள் டிஸ்ப்ளே செட்டிங்ஸ். டாஹுவாவில் கேமரா என்பதற்குள் கண்டிஷன்ஸ். மற்ற நிறுவனங்களில் பெயர் கொஞ்சம் மாறும், உள்ளே இருக்கும் சங்கதிகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

எதையும் தொடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அரை மணி நேரம் தோண்டிய பிறகு "முன்னாடி எவ்வளவு இருந்தது?" என்று முழிக்காத ஆளே கிடையாது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான். மூன்றைச் சேர்த்து மாற்றிவிட்டால் எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இன்னொன்று, நீங்கள் பார்ப்பது மெயின் ஸ்ட்ரீமா (முழுத் தரப் படம்) சப் ஸ்ட்ரீமா (தரம் குறைத்த சின்னப் படம்) என்று உறுதி செய்துகொள்ளுங்கள். திரையில் நான்கு கேமரா, ஒன்பது கேமரா என்று கட்டம் கட்டமாகப் பார்க்கும்போது என்விஆர் பெரும்பாலும் சப் ஸ்ட்ரீமைத்தான் காட்டும். அதன் ரெசல்யூஷன் 704×576 மாதிரி சின்னதாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "படம் தெளிவாக இல்லை" என்று ஷார்ப்னஸைக் கூட்டுவது வீண்வேலை.

அப்புறம் லென்ஸைத் துடையுங்கள், சிரிக்காதீர்கள். டோம் கேமராவின் கண்ணாடி மூடியில் மாட்டியவரின் கைரேகை அப்படியே இருக்கும். பகலில் ஒன்றும் தெரியாது, இரவில் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரிந்ததும் படம் முழுக்கப் பனி மூடியது மாதிரி ஆகிவிடும். மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தாலே பாதிப் புகார்கள் தீர்ந்துவிடும்.

படி 1: கேமரா எதைப் பார்க்கிறது, எவ்வளவு தூரத்தில்

எந்த அமைப்பாலும் உருவாக்க முடியாத ஒன்று உண்டு, அது பிக்சல். கண்காணிப்புக் கேமராக்களுக்காக 2014-ல் வந்த ஐஇசி 62676-4 தரநிலை ஒரு கணக்குச் சொன்னது. ஆள் இருக்கிறார் என்று கண்டறிய ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல் போதும். தெரிந்தவரை "இவர்தான்" என்று அடையாளம் காண 125 வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரை ஐயமில்லாமல் அடையாளம் காட்ட 250 வேண்டும்.

2560 பிக்சல் அகலப் படம் தரும் 4 மெகாபிக்சல் கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். 2560-ஐ 250-ஆல் வகுத்தால் சுமார் 10 மீட்டர். அதாவது காட்சியின் அகலம் 10 மீட்டரைத் தாண்டும் தூரத்தில் நிற்பவருக்கு அந்த அளவு பிக்சல் கிடைக்காது. 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறக்குறைய 100 டிகிரிக்குப் பார்க்கும் என்பதால், கேமராவிலிருந்து நாலு மீட்டர் தள்ளிப் போனாலே அகலம் 10 மீட்டர் ஆகிவிடும். பதினைந்து மீட்டர் தள்ளி நிற்கும் ஆளின் முகம் தெரியவில்லை என்று அமைப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் முதலில் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்கட்டும். லென்ஸை மாற்றுவதா, கேமராவைப் பக்கத்தில் கொண்டுவருவதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

வானம் படத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதையும் கவனியுங்கள். கேமரா மொத்தப் படத்தின் சராசரி வெளிச்சத்தை வைத்துத்தான் எக்ஸ்போஷரை, அதாவது எவ்வளவு ஒளியை வாங்குவது என்பதை, தீர்மானிக்கிறது. மேலே மூன்றில் ஒரு பங்கு வெள்ளை வானம் என்றால் கீழே நடப்பவர்கள் கறுத்துப் போவார்கள். கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் போதும், ஒரு அமைப்பும் தொடாமலே முகம் வெளிச்சமாகும்.

படி 2: ஃபோகஸ்

லென்ஸின் ஃபோகல் லெங்த் (காட்சி எவ்வளவு நெருக்கமாகத் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது) நிலையானது என்றால் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடலாம். 2.8–12 மில்லிமீட்டர் மாதிரி அதை மாற்றக்கூடிய வேரிஃபோகல் லென்ஸ் என்றால் ஃபோகஸை இருட்டிய பிறகு செய்யுங்கள். ஐரிஸ் (ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் பாகம்) உள்ள லென்ஸில் பகலில் துளை சுருங்கியிருக்கும், அப்போது பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் எல்லாமே தெளிவாகத் தெரியும், ஃபோகஸ் கொஞ்சம் தப்பியிருந்தாலும் கண்ணுக்குப் படாது. இரவில் துளை முழுக்க விரிந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். போதாததற்கு, ஐஆர் ஒளி சாதாரண ஒளியை விடச் சற்றே வேறு இடத்தில் குவியும். ஆள் நிற்கப் போகும் இடத்தில் ஒரு எழுத்துப் பலகையையோ செய்தித்தாளையோ வைத்து, இரவில், ஐஆர் எரியும்போதே ஃபோகஸ் செய்துவிட்டு, பகலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: எக்ஸ்போஷர்

நேரம் இல்லாதவர்கள் இந்த ஒரு படியை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

ஷட்டர் என்பது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சென்சார் எவ்வளவு நேரம் வெளிச்சத்தை வாங்குகிறது என்பது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் நொடிக்குச் சுமார் 1.4 மீட்டர் நகர்கிறார். ஷட்டர் 1/12 என்றால் அந்த நேரத்துக்குள் அவர் முகம் 11 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும், கிட்டத்தட்ட ஒரு முகத்தின் அகலம். எனக்கு நடந்தது இதுதான். 1/25-ல் ஐந்தரை சென்டிமீட்டர், 1/50-ல் மூன்றுக்கும் குறைவு, 1/100-ல் ஒன்றரை. 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 10 மீட்டர் போகிறது, 1/25-ல் 40 சென்டிமீட்டர் இழுபடும், 1/250-ல் 4 சென்டிமீட்டர்தான்.

ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) கூட்டினால் கலங்கல் போய்விடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். போகாது. ஷட்டர் மெதுவாக இருந்தால் நொடிக்கு 25 தெளிவான படத்துக்குப் பதில் 25 கலங்கிய படம் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆட்டோவில் விட்டால் கேமரா இருட்டில் ஷட்டரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு நீட்டிவிடும், ஏனென்றால் வெளிச்சமான படம்தான் விற்கும். அதனால் உச்ச வரம்பை நீங்கள் போடுங்கள். பல மாடல்களில் எக்ஸ்போஷர் டைம் என்று 1/25, 1/50, 1/100 எனப் பட்டியல் இருக்கும். டாஹுவா மாதிரி சிலவற்றில் மில்லிநொடியில் கேட்கும், 40 என்றால் 1/25, 20 என்றால் 1/50, 10 என்றால் 1/100. ஆட்கள் நடக்கும் இடத்துக்கு இரவில் 1/50-ல் தொடங்குங்கள், வெளிச்சம் தாங்கினால் 1/100-க்குப் போங்கள். ஸ்லோ ஷட்டர் என்று தனியாக ஒரு சுவிட்ச் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அணைத்துவிடுங்கள்.

உடனே படம் இருட்டும், இருட்டத்தான் செய்யும். 1/25-லிருந்து 1/100-க்குப் போனால் சென்சாருக்குக் கிடைக்கும் வெளிச்சம் நாலில் ஒரு பங்குதான். அதை ஈடுகட்டக் கேமரா கெயினைக் கூட்டும், அதாவது கிடைத்த சிக்னலைப் பெருக்கும், கூடவே இரைச்சலும் பெருகும், படம் முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரிப் புள்ளிகள் வரும். கெயினுக்கும் ஒரு வரம்பு போடலாம். 100-க்கு 50-லிருந்து 60 வரை வைத்துத் தொடங்கி, நடக்கவிட்டுப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். கொஞ்சம் புள்ளி இருந்தாலும் பரவாயில்லை. புள்ளி விழுந்த முகத்தை ஓரளவு அடையாளம் காணலாம், இழுபட்ட முகத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இரண்டும் போதவில்லை என்றால் அங்கே ஒரு விளக்குப் போடுங்கள். இவ்வளவு நேரம் அமைப்புகளைப் பற்றிப் பேசிவிட்டு இதைச் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் ஒரு சாதாரண எல்இடி விளக்கு செய்வதை எந்த ஸ்லைடரும் செய்யாது. புதிதாகக் கேமரா வாங்குவதாக இருந்தால் மெகாபிக்சலை விட லென்ஸின் எஃப் எண்ணைப் பாருங்கள், எஃப்1.0 லென்ஸ் எஃப்2.0 லென்ஸைப் போல நாலு மடங்கு ஒளியை உள்ளே விடும்.

இதோடு ஒட்டியதுதான் 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் தேர்வு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் குழல்விளக்கும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தடவை துடிக்கும். அங்கே ஷட்டர் 1/50, 1/100 என்றால் ஒத்துப்போகும். 1/60, 1/120 என்றால் படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும். உங்கள் ஊர் மின்சாரம் எதுவோ அதைப் போடுங்கள். சில கேமராக்கள் இதை மாற்றியதும் ரீஸ்டார்ட் ஆகும், பயப்பட வேண்டாம்.

படி 4: பின்வெளிச்சம்

கதவுக்கு எதிரே, உள்ளிருந்து வெளியே பார்க்கும் கேமராவில் வருகிறவர்கள் எல்லாரும் நிழலுருவாகத் தெரிவார்கள். இதற்குத்தான் டபிள்யூடிஆர். ஒரே காட்சியைக் குறைந்த எக்ஸ்போஷரிலும் கூடுதல் எக்ஸ்போஷரிலும் எடுத்து ஒன்றாகத் தைப்பது அதன் வேலை. 120 டெசிபல் என்று பெட்டியில் போட்டிருந்தால், மிக இருண்ட பகுதிக்கும் மிக வெளிச்சமான பகுதிக்கும் பத்து லட்சம் மடங்கு வித்தியாசம் இருந்தாலும் சமாளிக்கும் என்று அர்த்தம். டிஜிட்டல் டபிள்யூடிஆர் என்று போட்டிருந்தால் அது வேறு சரக்கு, எடுத்த ஒரே படத்தின் இருண்ட பகுதியைக் கணக்குப் போட்டு வெளுப்பாக்குவது மட்டும்தான்.

வெவ்வேறு நேரத்தில் எடுத்ததைத் தைப்பதால் வேகமாக அசைகிறவற்றின் ஓரத்தில் இரட்டை உருவம் தெரியலாம். அளவைக் கூட்டக் கூட்டப் படம் சாம்பல் பூசிய மாதிரியும் ஆகும். 20 அல்லது 30-ல் தொடங்கி, வாசலில் நிற்பவரின் கண்ணும் மூக்கும் தெரிகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இரவில் பெரும்பாலும் அணைத்துவிடலாம்.

பிஎல்சி என்பது பின்னணி வெளுத்துப்போனாலும் பரவாயில்லை, நடுவில் இருப்பவர் தெரிந்தால் போதும் என்கிற எளிய வழி. எச்எல்சி வண்டியின் முகப்பு விளக்கு மாதிரி கண்ணைக் கூசுவதை மட்டும் அமுக்கும். டபிள்யூடிஆர் ஓடும்போது பல மாடல்களில் இவை இரண்டும் வேலை செய்யாது. வண்டி எண் பலகை படிக்க வேண்டும் என்றால் அதற்குத் தனிக் கேமரா வையுங்கள். 1/500, 1/1000 என்று ஷட்டரை வைத்து ஐஆர் அடித்தால் ஒளியைத் திருப்பி அனுப்பும் பலகை மட்டும் பளிச்சென்று தெரியும், மற்றதெல்லாம் இருட்டாகிவிடும். அதே கேமராவில் முகமும் வேண்டும் என்று கேட்கக் கூடாது.

படி 5: இரைச்சலும் ஷார்ப்னஸும்

டிஎன்ஆர் என்று இருப்பது புள்ளிகளை நீக்கும். இதில் 3டி வகை, முந்தைய ஃபிரேம்களோடு ஒப்பிட்டுச் சராசரி எடுக்கும். அசையாத சுவருக்கு அது அருமை. நடக்கிறவருக்கு வால் முளைக்கும். ஒருவர் போன இடத்தில் அவர் ஆவி கொஞ்ச நேரம் நிற்கும். ஷட்டரைச் சரிசெய்த பிறகும் முகம் மெழுகு மாதிரி வழுவழுவென்று இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். தொழிற்சாலை அமைப்பு வழக்கமாக 50 இருக்கும், அதிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து நடக்கவிட்டுப் பாருங்கள்.

ஷார்ப்னஸ் புதிய விவரம் எதையும் கொண்டுவராது. விளிம்புகளை அழுத்தி வரையும், அவ்வளவுதான். அதிகமானால் ஆட்களைச் சுற்றி வெள்ளைக் கோடு வரும், இரவில் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு விளிம்பாக நினைத்துத் தூக்கிக் காட்டும். பகலில் 50, இரவில் 30, 40 என் பழக்கம்.

படி 6: பகல் – இரவு மாற்றமும் ஐஆரும்

சென்சாருக்கு முன்னால் ஐஆர் கட் ஃபில்டர் என்ற சின்னக் கண்ணாடி இருக்கிறது. பகலில் அது ஐஆர் ஒளியைத் தடுக்கும், இரவில் "டிக்" என்று விலகிக்கொள்ளும், படம் கறுப்பு வெள்ளையாகும். பகலில் கறுப்புச் சட்டை ஊதாவாகவும் செடியெல்லாம் வெளிறியும் தெரிந்தால் அந்த ஃபில்டர் சிக்கியிருக்கிறது. டே, நைட் என்று கையால் நாலைந்து முறை மாற்றிப் பாருங்கள், சில சமயம் விடுபட்டுவிடும். சத்தமே வரவில்லை என்றால் அது அமைப்பால் தீராது.

அந்தி நேரத்தில் கலரும் கறுப்பு வெள்ளையுமாக மாறி மாறித் துடிக்கிறதா? ஐஆர் எரிந்ததும் பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பார்த்துக் கேமரா விடிந்துவிட்டது என்று நினைக்கிறது, கலருக்குப் போகிறது, இருட்டாக இருக்கிறது, திரும்பி வருகிறது. சென்சிடிவிட்டியை ஒரு படி மாற்றி, தாமத நேரத்தை 30 நொடி வாக்கில் வையுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் ஷெட்யூல் போட்டு நேரப்படி மாற்றச் சொல்லிவிடலாம்.

ஐஆர் விஷயத்தில் பெரிய எதிரி அருகில் இருக்கும் பொருள்தான். கூரையின் ஓரம், குழாய், சுவர், மரக்கிளை எது பக்கத்தில் இருந்தாலும் அது வெள்ளையாக எரியும், கேமரா அதைப் பார்த்து எக்ஸ்போஷரைக் குறைக்கும், தூரத்தில் நிற்பவர் இருட்டில் கரைந்துபோவார். சிலந்தி நூல் ஒன்று போதும், கயிறு மாதிரி தெரியும், காற்றில் ஆடும்போதெல்லாம் மோஷன் அலாரமும் அடிக்கும். கண்ணாடி ஜன்னலுக்குள்ளிருந்து வெளியே பார்க்கும் கேமராவில் ஐஆரை அணைத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் இரவு முழுவதும் அது தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பக்கத்தில் வருகிறவரின் முகம் வெள்ளைத் தாள் மாதிரி வெளுத்தால் ஸ்மார்ட் ஐஆரைப் போடுங்கள், கிட்டே வர வர விளக்கைத் தானே தணிக்கும். 850 நானோமீட்டர் விளக்கு இருட்டில் மங்கிய சிவப்பாகத் தெரியும், 940 தெரியாது. ஆனால் 940-க்குச் சென்சாரின் உணர்திறன் குறைவு என்பதால் ஒளி எட்டும் தூரம் குறையும்.

படி 7: நிறம், மற்ற சில்லறைகள்

பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், சாச்சுரேஷன் மூன்றும் எல்லாரும் முதலில் தொடுவது, நான் கடைசியில் தொடுவது. எக்ஸ்போஷர் சரியாக இருந்தால் இவை 50-லேயே இருக்கலாம். படம் வெளுப்பாக இருந்தால் பிரைட்னஸை ஐந்து குறைத்து கான்ட்ராஸ்டை ஐந்து கூட்டினால் போதும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடுங்கள். மஞ்சள் சோடியம் விளக்கின் கீழே மட்டும் கையால் மாற்ற வேண்டி வரலாம், சட்டையின் நிறம் தப்பாகத் தெரிந்தால் தேடலே தப்பாகிவிடும்.

டீஃபாக், மூடுபனி இல்லாதபோது வேண்டாம். இஐஎஸ் (படத்தின் ஆட்டத்தைச் சரிசெய்வது), கம்பம் ஆடினால் மட்டும், ஏனென்றால் அது படத்தின் ஓரத்தை வெட்டும். நீளமான நடைபாதைக்கு காரிடார் மோட் அருமையான விஷயம். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி மாட்டினால் 9:16 படம் கிடைக்கும், இரண்டு பக்கச் சுவருக்கும் வீணாகும் பிக்சல் மிச்சம்.

படி 8: பதிவாகும் தரம்

இவ்வளவும் செய்துவிட்டு பிட்ரேட்டை (நொடிக்குப் பதிவாகும் தரவின் அளவை) குறைத்து வைத்தால் முகம் சதுரம் சதுரமாக உடையும். எச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறையில் 4 மெகாபிக்சலுக்கு நொடிக்கு 15 ஃபிரேம், 4 எம்பிபிஎஸ் நல்ல தொடக்கம். ஒரு நாளைக்குக் கேமரா ஒன்றுக்குச் சுமார் 43 ஜிபி ஆகும், உங்கள் ஹார்ட் டிஸ்கை அதால் வகுத்துக்கொள்ளுங்கள். ஐ ஃபிரேம் (முழுப் படமாகச் சேமிக்கப்படும் ஃபிரேம்) இடைவெளியை ஃபிரேம் ரேட்டைப் போல இரு மடங்கு, அதாவது 30 வையுங்கள்.

இரவு இரைச்சல் இங்கே மறுபடி தலைகாட்டும். ஒவ்வொரு புள்ளியும் அசைவதாக என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் பகுதி) நினைப்பதால் விபிஆரில் (தேவைக்கேற்ப மாறும் பிட்ரேட்) கோப்பு வீங்கும், சிபிஆரில் (மாறாத பிட்ரேட்) முகத்துக்குப் போக வேண்டிய பிட்டுகளைப் புள்ளிகள் தின்னும். படி 3-லும் 5-லும் கெயினையும் ஷார்ப்னஸையும் அடக்கியிருந்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். நான் விபிஆர் வைத்து உச்ச வரம்பைத் தாராளமாக விடுவேன்.

படி 9: இரண்டு ப்ரொஃபைல்

பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று தனித்தனி அமைப்பை வைக்க அநேகமாக எல்லாக் கேமராவிலும் வசதி உண்டு. டபிள்யூடிஆர் பகலில் மட்டும், குறைந்த ஷார்ப்னஸ் இரவில் மட்டும் என்று பிரித்துவிடுங்கள். பக்கத்தை மூடும் முன் சேவ் பொத்தானை அழுத்தினீர்களா என்று பாருங்கள், சில மாடல்களில் திரையில் மாறிவிடும், சேமிக்காது.

பிறகு நண்பரையோ வீட்டில் ஒருவரையோ பிடித்து மூன்று தடவை நடக்கச் சொல்லுங்கள்: மதியம், அந்தி, நள்ளிரவு. கேமராவை நோக்கி ஒருமுறை, குறுக்கே ஒருமுறை, குறுக்கே வேகமாக ஒருமுறை. குறுக்கே போகும்போதுதான் கலங்கல் அதிகம் தெரியும். என்விஆரில் மெயின் ஸ்ட்ரீம் பதிவை எடுத்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முகம் கிடைத்ததும் கான்ஃபிகரேஷன் கோப்பை எக்ஸ்போர்ட் செய்து கணினியில் வையுங்கள், ஃபர்ம்வேர் அப்டேட்டோ ரீசெட்டோ எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டால் அது கைகொடுக்கும். என் கேமரா இப்போது 1/50-ல் ஓடுகிறது, படம் முன்பை விட இருட்டுதான், வீட்டில் எல்லாரும் "இது என்ன, முன்னாடி நல்லா இருந்துச்சே" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.